பின்சக்கரங்களுக்கு நடுவே ஒரு லிட்டர்: ராமநாதபுரம் கரையில் சொகுசுக் காருக்கு டிஃபரன்ஷியல் ஆயில் வாங்குவது எப்படி

ராமநாதபுரத்தில் எந்த ஆயில் கடையிலும் போய் "கியர் ஆயில் வேணும்" என்று கேளுங்கள். கவுண்டரில் நிற்கும் பையன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "90-ஆண்ணே, 140-ஆ?" என்பான். ஆயிலின் கெட்டித்தன்மையைக் கேட்கிறான். டிராக்டருக்கும் லாரிக்கும் அந்த ஒரு கேள்வி போதும். உங்கள் வாசலில் நிற்பது பத்து வயதான பென்ஸோ பி.எம்.டபிள்யூவோ என்றால் இரண்டு பதிலுமே தப்பாகிவிட வாய்ப்பு உண்டு.

நம் கரைக்குச் சொகுசுக் கார் புதிதில்லை. கீழக்கரை, பனைக்குளம், தொண்டி என்று எங்கே பார்த்தாலும் வளைகுடாவில் சம்பாதித்துத் திரும்பியவர்கள் சென்னையிலோ கொச்சியிலோ ஒரு பழைய ஜெர்மன் காரை விலை பேசி முடித்து ஓட்டி வந்துவிடுகிறார்கள். கார் ஊருக்கு வருகிறது, கம்பெனி சர்வீஸ் மதுரையோடு நின்றுவிடுகிறது. ராமேஸ்வரத்துக்காரர் ஒரு ஆயில் மாற்ற 170 கிலோமீட்டர் போகவேண்டும். அதனால் எஞ்சின் ஆயில், பிரேக் பேட் எல்லாம் உள்ளூரிலேயே பார்த்துக்கொள்கிறோம். பின்சக்கரங்களுக்கு நடுவே பானை மாதிரித் தொங்கும் டிஃபரன்ஷியல் கூட்டை யாரும் நினைப்பதில்லை. அதற்குள் இருப்பது ஒரு லிட்டர் சொச்சம் ஆயில்தான்.

நான் மெக்கானிக் இல்லை. 2012 மாடல் பென்ஸ் இ-கிளாஸ் ஒன்றைச் செகண்ட் ஹேண்டில் வாங்கி, ஐந்து வருடமாக உச்சிப்புளிக்கும் ராமேஸ்வரத்துக்கும் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். இந்த விஷயத்தில் செய்யக்கூடிய தப்பு பெரும்பாலும் செய்து முடித்துவிட்டேன். புதிதாகக் கார் எடுத்தவர்கள் அந்தச் செலவில்லாமல் தெரிந்துகொள்ளட்டும் என்று எழுதுகிறேன்.

உங்கள் காரில் அது இருக்கிறதா?

சிரிக்காதீர்கள், இதுதான் முதல் வேலை. டிஃபரன்ஷியல் இல்லாத கார் கிடையாது. வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓடியாக வேண்டும், உள்பக்கச் சக்கரம் குறைவாக ஓட வேண்டும். ஒரே எஞ்சினிலிருந்து இரண்டுக்கும் இரண்டு வேகம் கொடுப்பதுதான் அதன் வேலை. ஆனால் அதற்குத் தனி ஆயில் உண்டா என்பது காருக்குக் கார் மாறும்.

முன்சக்கரம் இழுக்கும் வண்டிகளில் டிஃபரன்ஷியல் பெரும்பாலும் கியர்பாக்ஸுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும், கியர்பாக்ஸ் ஆயிலையே அதுவும் குடிக்கும். பென்ஸ் ஏ-கிளாஸ், முன்சக்கர இழுவையில் வரும் ஆடி க்யூ3, லெக்சஸ் இஎஸ் எல்லாம் இந்த வகை. பி.எம்.டபிள்யூ எக்ஸ்1-இல் மட்டும் கவனம் வேண்டும். முதல் தலைமுறை பின்சக்கர இழுவையை அடிப்படையாகக் கொண்டது, அடுத்த தலைமுறை முன்சக்கரத்துக்கு மாறிவிட்டது. பெயர் ஒன்று, கீழே இருப்பது வேறு.

பின்சக்கர இழுவை என்றால் கதை நேர். பி.எம்.டபிள்யூ 3, 5, 7 சீரீஸ், பென்ஸ் சி, இ, எஸ் கிளாஸ், ஜாகுவார் எக்ஸ்எஃப் எல்லாவற்றிலும் பின்னால் தனிக்கூடு, தனி ஆயில்.

நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில்தான் புதியவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். பி.எம்.டபிள்யூ எக்ஸ்5 மாதிரி வண்டியில் முன் டிஃபரன்ஷியல், பின் டிஃபரன்ஷியல், நடுவில் எஞ்சினின் இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்று மூன்று இடம். டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் கிளட்ச் தட்டுகள் இருப்பதால் அதற்கு மெல்லிய, வேறு வகை ஆயில். "எல்லாம் கியர் ஆயில்தானே" என்று அங்கேயும் டிஃபரன்ஷியல் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் போய்விடும். வால்வோவிலும் ஆடி க்யூ3 குவாட்ரோவிலும் பின் டிஃபரன்ஷியலுக்கு ஒட்டினாற்போல, தேவைப்படும்போது பின்சக்கரங்களுக்கு இழுவை அனுப்பும் ஹால்டெக்ஸ் கிளட்ச் இருக்கும். அதற்கும் தனி ஆயில், தனி நட்டு. இரண்டு நட்டும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் ஆள் மாறிப்போவது சுலபம். எது எதற்கு என்று படத்தோடு பார்த்துத் தெரிந்துகொள்ளும் வரை ஸ்பேனரைத் தொடவிடாதீர்கள்.

இதற்கு ஏன் தனி ஆயில்?

கூட்டுக்குள் பெரிய கிரவுன் சக்கரமும் அதைச் சுழற்றும் சின்னப் பினியனும் இருக்கின்றன. பினியன், கிரவுனின் நடுக்கோட்டுக்கு நேராக இல்லாமல் கொஞ்சம் இறங்கி உட்கார்ந்திருக்கும். இந்த அமைப்புக்கு ஹைபாய்ட் என்று பெயர். 1920களில் அமெரிக்காவின் பேக்கார்டு கம்பெனி தன் சொகுசுக் கார்களில் இதைக் கொண்டுவந்தது. பினியன் இறங்கியதால் எஞ்சினிலிருந்து பின்னால் வரும் ஷாஃப்டும் இறங்கியது, காரின் தளமும் தாழ்ந்தது.

சொகுசுக்கு ஒரு விலை இருந்தது. சாதாரணப் பற்சக்கரங்களில் பல்லோடு பல் பெரும்பாலும் உருண்டு போகும். ஹைபாய்டில் அம்மிக் குழவி மாதிரி அழுத்தி இழுத்துத் தேய்க்கும். அந்த அழுத்தத்தில் வெறும் எண்ணெய்ப் படலம் கிழிந்து, இரும்பும் இரும்பும் ஒட்டிப் பிய்ந்துகொள்ளும். அதனால்தான் ஆயிலில் கந்தகமும் பாஸ்பரஸும் சேர்ந்த ரசாயனம் கலக்கிறார்கள். பல் சூடாகும் இடத்தில் அது இரும்போடு சேர்ந்து ஒரு மெல்லிய தோலாகப் படிந்து, தான் தேய்ந்து பல்லைக் காப்பாற்றும். டிஃபரன்ஷியல் ஆயிலின் நாற்றமும் அந்தக் கந்தகத்திலிருந்து வருவதுதான். மண்டபம் கருவாட்டுக் களத்தில் மூச்சு முட்டாத மனிதர்கள்கூடப் பழைய ஆயில் வடியும்போது நாலு அடி தள்ளி நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

டப்பாவில் ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பு) ஜிஎல்-5 என்று போட்டிருப்பது இந்த வலுவைத்தான் குறிக்கிறது. ஜிஎல்-4 அதைவிட மிதமானது, மேனுவல் கியர்பாக்ஸ்களுக்கு அதிகம் வருவது. ஹைபாய்ட் கூட்டில் ஜிஎல்-4 ஊற்றினால் பல் தேயும். கையில் இருக்கும் ஜிஎல்-5-ஐ மேனுவல் கியர்பாக்ஸில் ஊற்றினால் அங்கிருக்கும் பித்தளைப் பாகங்களைக் கந்தகம் அரிக்கக்கூடும். "5 பெரிய நம்பர், அதனால் எல்லாவற்றுக்கும் நல்லது" என்ற கணக்கு இங்கே எடுபடாது.

எண்ணைத் தேடுங்கள், பிராண்டை அப்புறம் பார்க்கலாம்

கார்க் கம்பெனி ஒவ்வொன்றும் தன் டிஃபரன்ஷியலுக்கு ஒரு எண்ணையோ பெயரையோ வைத்திருக்கிறது. பென்ஸில் அது 235 என்று தொடங்கும். 235.0, 235.7 என்று புள்ளிக்குப் பின்னால் வருவது மாடலுக்கு மாடல் வேறு, அந்தப் புள்ளிக்குப் பின்னால் இருப்பதுதான் முக்கியம். எந்த எண்ணுக்கு எந்த ஆயில்கள் அங்கீகாரம் பெற்றவை என்ற பட்டியலை பென்ஸ் கம்பெனியே இணையத்தில் எல்லாரும் பார்க்கும்படி வைத்திருக்கிறது. பி.எம்.டபிள்யூவில் பல வருடங்களாகப் புழங்கும் பெயர் எஸ்ஏஎஃப்-எக்ஸ்ஓ. ஆடியில் ஜி 052 145 மாதிரி, ஜி எழுத்தில் தொடங்கும் பாக எண்ணாக வரும்.

இதைக் கண்டுபிடிக்க முதலில் காரோடு வந்த புத்தகத்தைப் பாருங்கள். செகண்ட் ஹேண்ட் காரில் புத்தகம் இருக்காது, இருந்தாலும் அந்தப் பக்கம் மட்டும் இருக்காது. பரவாயில்லை. முன்கண்ணாடியின் அடியிலோ கதவு நிலையிலோ 17 எழுத்தும் எண்ணும் கலந்த சேஸிஸ் நம்பர் இருக்கும், ஆர்.சி. புத்தகத்திலும் உண்டு. அதை அப்படியே மதுரையில் உங்கள் பிராண்டின் ஸ்பேர் கவுண்டருக்கு அனுப்பி மூன்று விஷயம் கேளுங்கள்: டிஃபரன்ஷியல் ஆயிலின் எண் என்ன, எத்தனை லிட்டர், அடைப்பு நட்டுக்கும் வாசருக்கும் பாக எண் என்ன. மாடல் பெயரை மட்டும் சொல்லிக் கேட்காதீர்கள். ஒரே வருடம், ஒரே மாடல், ஆனால் எஞ்சினைப் பொறுத்துக் கூடு வேறாக இருப்பது ஜெர்மன் கார்களில் சர்வசாதாரணம்.

எண் கையில் வந்தபிறகு அவர்களிடமே வாங்கினாலும் சரி, அதே எண் போட்ட வேறு நல்ல பிராண்டை வாங்கினாலும் சரி. ஆனால் டப்பாவின் பின்பக்க எழுத்தை நிதானமாகப் படியுங்கள். "இன்ன எண்ணுக்கு அங்கீகாரம் பெற்றது" என்பது கார்க் கம்பெனி சோதித்துப் பார்த்துக் கொடுத்த சான்று. "இன்ன எண் கேட்கும் வண்டிகளுக்கு ஏற்றது" என்பது ஆயில் கம்பெனி தானே சொல்லிக்கொள்வது. இரண்டாவது வகை எல்லாமே மோசம் என்று சொல்லமாட்டேன், நானே ஒருமுறை போட்டிருக்கிறேன். ஆனால் வாரண்டி இருக்கும் காருக்கு அதைத் தொடாதீர்கள், பில்லையும் தூக்கிப் போடாதீர்கள்.

90, 140, 75டபிள்யூ: இந்த எண்கள் சொல்வது

இங்கேதான் எல்லாரும் ஆலோசனை சொல்வார்கள். "நம்ம ஊரு வெயிலுக்கு மெல்லிசு ஆயில் நிக்காதுண்ணே, 140 போடுங்க" என்று என்னிடமே நாலு பேர் சொல்லியிருக்கிறார்கள். நாலு பேரும் லாரி பார்த்துப் பழகியவர்கள், லாரிக்கு அவர்கள் சொல்வது சரியாகவே இருக்கலாம்.

75டபிள்யூ-90 என்பதில் பின்னால் வரும் 90, ஆயில் 100 டிகிரி சூட்டில் எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்பதன் அளவு. முன்னால் வருவது கடுங்குளிரில் அது எவ்வளவு ஓடும் என்பது. 75டபிள்யூ ஆயிலை மைனஸ் 40 டிகிரியில் சோதிக்கிறார்கள். மார்கழி விடியலில்கூட நம்மூரில் போர்வை தேவைப்படுமா என்பதே சந்தேகம், மைனஸ் 40 எங்கே! ஆனாலும் அந்த 75 வீண் இல்லை. அகன்ற வீச்சு வேண்டும் என்றால் பெரும்பாலும் சிந்தெடிக் அடிப்படை எண்ணெய் தேவைப்படும், சூட்டில் சீக்கிரம் கெடாமல் இருப்பதும் அதே அடிப்படையால்தான்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். எஞ்சின் ஆயில் 40, கியர் ஆயில் 90 என்றால் இது இரண்டு மடங்குக்கு மேல் கெட்டி என்று தோன்றும். இரண்டுக்கும் அளவுகோலே வேறு. 100 டிகிரியில் கியர் ஆயில் 90-இன் கெட்டித்தன்மை, எஞ்சின் ஆயில் 40-க்கும் 50-க்கும் அக்கம்பக்கத்தில்தான் வரும். எண் தனித்தனியாக இருப்பதே டப்பா மாறிப்போகாமல் இருப்பதற்குத்தான்.

சரி, வெயில்? இந்த ஆயில் நெடுஞ்சாலையில் சாதாரணமாகவே 80, 90 டிகிரிக்குப் போய்வரும். அந்தச் சூடு பல் தேய்வதிலிருந்து பிறக்கிறது. வெளியே 32 டிகிரியா 38 டிகிரியா என்பது அதில் ஒரு சின்னப் பங்கு. இந்தக் கூட்டை வடிவமைத்தவர்கள் ஜெர்மனியின் ஆட்டோபான் நெடுஞ்சாலையில் 200-ஐத் தாண்டி ஓட்டுவதற்காகச் செய்திருக்கிறார்கள். நாம் ராமநாதபுரம் - மண்டபம் ரோட்டில் ஆட்டுக்கும் மாட்டுக்கும் வழி விட்டு 80-இல் போகிறோம். மலை இல்லை, ஏற்றம் இல்லை, ஊரில் உயரமான ஏற்றமே பாம்பன் பாலம்தான். தேவையில்லாமல் 140 போட்டால் பினியன் அந்தக் கெட்டி ஆயிலைக் கடைந்துகொண்டே இருக்கும். டீசல் கூடச் செலவாகும், கடைவதில் சூடும் ஏறும். புதிய மாடல்களில் 75டபிள்யூ-85 என்று இன்னும் மெல்லிசாகக் கேட்பார்கள். அதைப் பார்த்துப் பயந்து ஒரு படி ஏற்ற வேண்டாம், பேரிங்கும் சீலும் அதற்கே பொருத்தமாகச் செய்தவை. உங்கள் புத்தகமே 140 கேட்டால் மட்டும் 140.

செகண்ட் ஹேண்ட் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. டிஃபரன்ஷியல் ஊளையிடும் காரில் கெட்டி ஆயிலை ஊற்றிச் சத்தத்தை அமுக்கி விற்பது பழைய தந்திரம். வாங்கிய ஒரு மாதத்தில் ஆயிலை மாற்றிப் பாருங்கள். சத்தம் திரும்பினால் கதை புரிந்துவிடும்.

லிமிட்டெட் ஸ்லிப் இருந்தால்

பெரும்பாலான சொகுசுக் கார்களில் இருப்பது சாதாரண டிஃபரன்ஷியல்தான். பி.எம்.டபிள்யூ எம், பென்ஸ் ஏஎம்ஜி போன்ற வேகக் கார்கள் சிலவற்றில் ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுற்றாமல் தடுக்க, உள்ளே கிளட்ச் தட்டு வைத்த லிமிட்டெட் ஸ்லிப் வகை வரும். அதற்கு உராய்வைப் பதப்படுத்தும் மருந்து கலந்த ஆயில் வேண்டும், டப்பாவில் எல்எஸ் என்று இருக்கும். அது இல்லாமல் ஓட்டினால், வீட்டுக்குள் காரை ஒடித்துத் திருப்பும்போது பின்னால் கடகடவென்று உதறும். அப்படி ஒரு கார் உங்களிடம் இருந்தால் சேஸிஸ் நம்பர் கேள்வியிலேயே இதற்கும் பதில் வந்துவிடும்.

நம் கரையின் எதிரி வெயில் இல்லை, தண்ணீர்

எனக்கு இந்தப் பாடம் சொன்னவர் கார் மெக்கானிக் இல்லை, பாம்பனில் வள்ளத்து மோட்டார் பார்ப்பவர். பேச்சுவாக்கில் என் கார் கதையைச் சொன்னேன். அவர் கேட்டது: "தம்பி, தனுஷ்கோடியில தண்ணிக்குள்ள எறக்குனீங்களா?" இறக்கியிருந்தேன். ஐப்பசி மழையில் ரோட்டோரம் தேங்கிய தண்ணீரில் ஒருமுறை, அலை ஏறிய ஈர மணலில் போட்டோவுக்காக ஒருமுறை. "எங்க மோட்டார்ல கீழ இருக்கிற கியர் ஆயிலை அடிக்கடி தொறந்து பாத்துருவோம். மோர் மாதிரி வந்தா சீல் போச்சுனு அர்த்தம். உங்க காருக்கும் அதே கணக்குதான்."

நடப்பது இதுதான். டிஃபரன்ஷியல் கூட்டுக்கு மேலே மூச்சுக்குழாய் ஒன்று உண்டு, உள்ளே காற்று சூடாகி விரியும்போது வெளியே விடுவதற்காக. மதுரையிலிருந்து ஓட்டி வந்த சூட்டோடு கூட்டைத் தண்ணீருக்குள் இறக்கினால், உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கும். அந்த உறிஞ்சலில் மூச்சுக்குழாய் வழியாகவோ தேய்ந்த சீல் வழியாகவோ தண்ணீர் உள்ளே போகும். ஆயிலோடு கலந்தால் மோர் நிறம். உப்புத் தண்ணீர் என்றால் பேரிங்கும் பல்லும் துருப்பிடிக்கத் தொடங்கிவிடும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஆயிலும் தண்ணீர் கலந்தால் பல்லைக் காப்பாற்றாது.

ஆகவே காரின் அடிவயிறு நனைந்தால், அதிலும் கடல் தண்ணீர் என்றால், அந்த வாரமே, ஆயில் ஊற்றுவதற்கென்று இருக்கும் மேல் நட்டைத் திறந்து விரல் விட்டுப் பாருங்கள். வெளுத்திருந்தால் மறுபேச்சு இல்லாமல் மாற்றவேண்டும். கொஞ்சம் ஓட்டிவிட்டு இன்னொரு முறையும் மாற்றினால் நல்லது, முதல் தடவையில் மூலைமுடுக்கில் தங்கியது அதில்தான் வெளியே வரும். மூச்சுக்குழாய் மணலும் சேறும் அடைத்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அது அடைத்துவிட்டால் சூட்டில் விரியும் காற்று சீலைத் தள்ளிக்கொண்டு ஆயிலோடு வெளியே வரும்.

"வள்ளத்து மோட்டாருக்கு ஊத்துற கியர் ஆயிலையே ஊத்திடலாமே, அது கடல் தண்ணியைத் தாங்குமே" என்று ஒரு மச்சான் யோசனை சொன்னார். அது மோட்டாருக்காகவே செய்தது, உங்கள் காரின் எண் அதில் இருக்காது. வேண்டாம்.

அடுத்தது மணல். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை 2017-இல் தார் ரோடு திறந்தபிறகு எந்தக் காரும் முனை வரை போகிறது. அதற்கு முன்னால் மணலிலும் அலை விளிம்பிலும் ஓடிப் பழகிய வேன்கள் மட்டும்தான். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் ரோட்டின் மேலேயே மணல் ஏறி நிற்கும். ஓரம் ஒதுங்கும்போது ஒரு பின்சக்கரம் மணலில் புதைந்துவிட்டால் ஆக்ஸிலேட்டரை மிதிக்காதீர்கள். சாதாரண டிஃபரன்ஷியலில் புதைந்த சக்கரம் மட்டும் சுற்றும், மற்றது அசையாமல் நிற்கும். அப்போது கூட்டுக்குள் வேகத்தைப் பிரித்துக் கொடுக்கும் வேறு சின்னப் பினியன்கள் எந்நாளும் சுற்றாத வேகத்தில் தங்கள் தண்டின் மேல் சுற்றும். வளைவில் மெதுவாகத் திரும்புவதற்கென்று செய்த பாகங்கள் அவை. விடாமல் மிதித்தால் தண்டில் ஆயில் படலம் எரிந்து கோடு விழுந்துவிடலாம். இறங்கிக் கையால் மணலைத் தள்ளுங்கள், நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளச் சொல்லுங்கள். மானம் போனாலும் பினியன் மிஞ்சும்.

எப்போது மாற்றுவது

பல கம்பெனிகள் இந்த ஆயில் "ஆயுள் முழுக்க" போதும் என்கின்றன. யாருடைய ஆயுள் என்று தெளிவாகச் சொல்வதில்லை. அதே பி.எம்.டபிள்யூ தன் எம் கார்களுக்கு மட்டும் 2,000 கிலோமீட்டரிலேயே டிஃபரன்ஷியல் ஆயிலை மாற்றச் சொல்கிறது, புதுப் பல்லும் புதுப் பல்லும் பழகும்போது உதிரும் இரும்புத்தூளுக்காக. என் கணக்கு இது: கரையில் ஓடும் காருக்கு 60,000 கிலோமீட்டர் அல்லது ஐந்து வருடம், எது முன்னால் வருகிறதோ அது. செகண்ட் ஹேண்ட் கார், பழைய ரெக்கார்டு இல்லை என்றால் உடனே. பெரும்பாலான கார்களில் இதற்கு ஆகும் ஆயில் செலவு ஒருமுறை டேங்க் நிரப்பும் காசுக்குள் அடங்கிவிடும்.

சத்தம் வரும்வரை காத்திருக்கலாமா என்று கேட்காதீர்கள், சத்தம் வந்தால் பல் ஏற்கெனவே தேய்ந்துவிட்டது. இருந்தாலும் சத்தத்தை இனம்காணத் தெரிந்திருப்பது நல்லது. மண்டபத்துக்குப் போகும் நேர்ரோட்டில் 70, 80-இல் ஓட்டுங்கள். ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது ஒரு மாதிரியும் விடும்போது வேறு மாதிரியும் ஊளை மாறினால் டிஃபரன்ஷியலைச் சந்தேகப்படலாம். வளைவில் மட்டும் கூடிக்குறைந்தால் சக்கர பேரிங். ரோடு மாறும்போது சத்தமும் மாறினால் டயர்.

பட்டறையில்

சென்னையிலிருந்து கார் வந்த புதிதில் ஒரு பட்டறையில் விட்டேன். பெயர் வேண்டாம். பையன் சுறுசுறுப்பானவன், நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள் கீழ் நட்டைத் திறந்து ஆயிலை முழுக்க வடித்துவிட்டான். அப்புறம் ஆயில் ஊற்றுவதற்கான மேல் நட்டுக்குப் போனான். பல வருட உப்புக்காற்றும் துருவும் அதை இறுக்கியிருந்தது. ஆலன் சாவி உள்ளே சுற்றி, ஆறு மூலையும் வட்டமாகிவிட்டது. வடித்தாயிற்று, ஊற்ற வழியில்லை. கார் குழி மேலேயே இரண்டு நாள் நின்றது. மூன்றாம் நாள் லாரியில் ஏற்றி மதுரைக்கு. அந்த லாரி வாடகைக்கு ஆறேழு முறை ஆயில் மாற்றியிருக்கலாம்.

அதனால் மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள்: முதலில் மேல் நட்டு. அது திறந்தால் மட்டும் கீழ் நட்டு. முந்தின நாள் இரவே இரண்டிலும் துரு இளக்கும் எண்ணெயை அடித்து வையுங்கள். நட்டின் குழியில் அடைந்த மண்ணைக் கம்பியால் சுரண்டி எடுத்துவிட்டு, சரியான அளவு ஆலன் பிட்டை (பென்ஸில் பெரும்பாலும் 14 மில்லிமீட்டர்) சுத்தியலால் தட்டி முழுக்க உள்ளே இறக்கியபிறகு திருப்பச் சொல்லுங்கள். சில கார்களில் கீழ் நட்டே கிடையாது. மேல் துளை வழியாகக் குழாய் விட்டு உறிஞ்சித்தான் எடுக்க வேண்டும். அந்தப் பம்பு பட்டறையில் இருக்கிறதா என்று போவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டி, ஆயில் இளகியபிறகு வடிக்கவேண்டும். கார் மட்டமாக நிற்பது முக்கியம். குழி இருக்கும் பட்டறையோ நாலு தூண் லிஃப்டோ உத்தமம். பின்பக்கத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கினால் பழசு முழுக்க வடியாது, புதுசின் அளவும் தப்பும்.

வடிந்த ஆயிலைத் தூக்கி ஊற்றுவதற்கு முன்னால் பாருங்கள். கருப்பாக இருந்தால் கவலை இல்லை. நட்டின் காந்தத்தில் சாம்பல் நிறத்தில் மை மாதிரி ஒட்டியிருந்தால் அதுவும் இயல்பு, விரலில் தேய்த்தால் நெறுநெறுக்காது. நெறுநெறுத்தால், நகம் அளவுக்குச் சில்லு கிடைத்தால், ஆயில் பேச்சு முடிந்தது. கூட்டைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவரிடம் போகவேண்டும்.

காந்தத்தைத் துடைத்து, கீழ் நட்டைப் புது வாசரோடு பூட்டிவிட்டு, மேல் துளை வழியாகப் பம்பில் ஊற்றவேண்டும். பெரும்பாலான கூடுகளில் துளையின் உதட்டிலிருந்து வழியத் தொடங்கினால் அளவு சரி. சில மாடல்களில் உதட்டுக்குச் சற்றுக் கீழே நிறுத்தச் சொல்வார்கள், அங்கே கம்பெனி சொன்ன மில்லிலிட்டர் கணக்கை மட்டும் நம்புங்கள். நட்டை முறுக்க, முறுக்கின் அளவு காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாத பட்டறை என்றால் குறைந்தபட்சம் நீளக் குழாய் மாட்டி இழுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பல கார்களில் கூடு அலுமினியம், மரை போனால் தலைவலி.

பழைய ஆயிலை மணலில் ஊற்ற விடாதீர்கள். நமக்கு எதிரே இருப்பது மன்னார் வளைகுடா, 21 தீவுகளோடு 1986-இல் கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இடம். வாங்கிய டப்பாவிலேயே திருப்பி ஊற்றி மூடி, கழிவு ஆயில் எடுப்பவர்களிடம் கொடுக்கச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் கிலோமீட்டரையும் தேதியையும் ஆயில் எண்ணையும் ஒரு சீட்டில் எழுதிக் கதவு நிலையில் ஒட்டுங்கள். அன்றிரவு காரின் பின்பக்கத்துக்கு அடியில் ஒரு பழைய அட்டையை விரித்து வையுங்கள். காலையில் சொட்டு விழுந்திருந்தால் எந்த நட்டுக்கு நேராக விழுந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு, பட்டறை திறந்ததும் போய்விடுங்கள்.